காசு கொடுத்து வாங்கின வாழ்த்து



அமெரிக்காவில் கேமியோ என்று ஒரு தளம் இருக்கு. சிகாகோவில் தொடங்கினது, 2017-லிருந்து ஓடுது. நடிகரோ பாடகரோ விளையாட்டு வீரரோ, ஒருத்தரைத் தேர்ந்தெடுத்துக் காசு கட்டணும். "என் தங்கச்சிக்கு நாளைக்குப் பிறந்தநாள், இப்படி வாழ்த்துங்க" என்று எழுதி அனுப்பினா, அவர் தன் போனிலேயே பேசிப் பதிவு செஞ்சு அனுப்புவார். கட்டின காசில் முக்கால் பங்கு அவருக்கு, கால் பங்கு தளத்துக்கு.

இதைக் கேட்டதும் பலரும் சொல்றது ஒண்ணுதான்: "காசு வாங்கிட்டுச் சொல்றது ஒரு வாழ்த்தா? பொய்தானே!"

எனக்கு அப்படித் தோணலை. கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், அந்தத் தங்கச்சிக்கும் தெரியும். யாருமே ஏமாறாத இடத்துல பொய் எங்கே வந்தது? கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சம்பளத்துக்குத்தான் வாசிக்கிறார், அதுக்காக அந்த மங்கள இசையை யாராவது பொய்னு சொல்வோமா? தனக்காக அண்ணன் இவ்வளவு மெனக்கெட்டிருக்கான்னு அவள் சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்பு நிஜம்.

சிக்கல் வேற இடத்துல இருக்கு.

2018-ல் பிரெட் ஃபார்வ் என்ற பேர்போன அமெரிக்கக் கால்பந்து வீரருக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. எழுதித் தந்ததை அப்படியே பேசி அனுப்பிட்டார். அதுக்குள்ள யூதர்களை வெறுக்கிற ஒரு கும்பலோட சங்கேத வார்த்தைகள் இருந்தது அப்புறம்தான் தெரிஞ்சது. முன்னாள் ராணுவ வீரர்களுக்கு ஆதரவாப் பேசறதாத்தான் நினைச்சேன்னு சொல்லி வருத்தப்பட்டார். வாங்கின 500 டாலரையும் வெறுப்புக்கு எதிரா வேலை செய்யற அமைப்புகளுக்குக் கொடுக்கறதாச் சொன்னார்.

அவர் தப்பு பண்ணினாரா? தபால்காரர் ஒட்டின கடிதத்தைக் கொண்டு வந்து தர்றார், உள்ளே இருக்கிற வசவுக்கு அவரைத் திட்ட மாட்டோம். சினிமாவில் வில்லன் பேசற வசனத்துக்காக நடிகரையும் திட்ட மாட்டோம் (திட்டறவங்களும் இருக்காங்க, அது வேற கதை). ஆனா இங்கே நிலைமை வேற. அவர் தன் சொந்த முகத்தோட, சொந்தப் பேர்ல, "நான் சொல்றேன்" என்று சொல்றார். அந்த "நான்" என்ற சொல்லுக்குத்தான் 500 டாலர். அதை வித்த பிறகு, "எழுதிக் கொடுத்ததை வாசிச்சேன், அவ்வளவுதான்" என்று ஒதுங்கிக்க முடியுமா? அர்த்தம் புரியாத வார்த்தை இருந்தா, "இது என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்விக்குத்தான் அங்கே நேரம் இல்லை.

அடுத்தது இதைவிடக் கஷ்டமானது. 2023-ல் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தில் ஃப்ரோடோவா நடிச்ச எலைஜா வுட் உட்பட சில பிரபலங்கள்கிட்ட, விளாடிமிர் என்ற ஒருத்தர் போதையிலிருந்து மீள நாலு வார்த்தை சொல்லச் சொல்லி வேண்டுகோள் வந்திருக்கு. அவங்களும் "உதவி கேளுங்க" என்று அன்பாப் பேசி அனுப்பினாங்க. அந்த வீடியோக்களை வெட்டி ஒட்டி, உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியைப் பார்த்துச் சொன்ன மாதிரி ரஷ்ய ஆதரவுப் பிரச்சாரத்தில் சுத்த விட்டாங்க. மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில்தான் இது தெரிய வந்தது.

இதில் சங்கேத வார்த்தையே கிடையாது. தவிக்கிற ஒருத்தர்கிட்ட நீங்களும் நானும் சொல்லக்கூடியதைத்தான் அவங்களும் சொன்னாங்க. இதில் மாட்டாம இருக்கணும்னா, உதவி கேட்கிறவரையே சந்தேகப்பட்டிருக்கணும்.

சரி, நாளைக்கு நிஜமாவே ஒரு வீட்டிலிருந்து, "எங்க பையன் போதையில் கிடக்கான், நீங்க சொன்னா கேட்பான்" என்று ஒரு வேண்டுகோள் வந்தா? அந்த நடிகர் பேசணுமா, வேண்டாமா?

பேசணும்னுதான் எனக்குப் படுது. ஆனா முதல்ல அந்தப் பையனோட அம்மாகிட்ட ஒரு தடவை போன் போட்டுப் பேசிட்டு. காசு வாங்காம பேசினாலும் சரி.