வாய்ப்பும் விலையும்

மனிதன் விலை கொடுத்து வாங்கும் பொருள்கள் பல. அரிசியை வாங்குகிறவன் அளந்து வாங்குகிறான். துணியை வாங்குகிறவன் தொட்டுப் பார்த்து வாங்குகிறான். வாய்ப்பு என்னும் பொருளை வாங்குகிறவனால் அதனை அளக்கவும் இயலாது. தொட்டுப் பார்க்கவும் இயலாது. அது பலித்த பின்னரே வாய்ப்பு என்று தெரியும். பலிக்காதபோது, வாங்கியது வாய்ப்பா வெறுங்கனவா என்று தீர்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. இத்தகைய பொருளை விற்பது அறமாகுமா? வாங்குவது அறிவுடைமையாகுமா? பழமையான இவ்வினாவை, அமெரிக்க நாட்டில் கல்லூரிக் கால்பந்தாட்டத்தைச் சுற்றி வளர்ந்துள்ள ஒரு வழக்கம் புதிதாக எழுப்பியுள்ளது.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது மலேசியரும் சிங்கப்பூரரும் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினரை மோதி வீழ்த்தியும் ஆடும் ஆட்டம் அது. அவ்வாறே, அங்குத் தொடக்கக் கல்லூரி எனப்படுவதும் சிங்கப்பூரின் தொடக்கக் கல்லூரியைப் போன்ற புகுமுக நிலையம் அன்று. உயர்நிலைப் பள்ளியை முடித்தவர் ஈராண்டு பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர வழிசெய்யும் கல்லூரி அது. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தோன்றிய அரசினர் தொடக்கக் கல்லூரியை முன்மாதிரியாகக் கொண்டு, இவ்வகைக் கல்லூரிகள் நாடெங்கும் பரவின. ஏழைக்கும், பிந்தி விழித்தவனுக்கும், பணி செய்துகொண்டே படிப்பவனுக்கும் அவை கதவு திறந்தன. 1938-இல் அவற்றுக்கெனத் தேசிய விளையாட்டுக் கழகம் ஒன்றும் அமைந்தது.

இக்கல்லூரிகளின் வழியே உயர்ந்த ஆட்டக்காரர் உளர். ஆரன் ராட்ஜர்ஸ் பள்ளியை முடித்தபோது, பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு உபகாரச் சம்பளம் தர முன்வரவில்லை. அவர் 2002-இல் கலிபோர்னியாவின் பியூட் கல்லூரியில் ஆடினார். அங்கு வேறோர் ஆட்டக்காரரைக் காணவந்த பர்க்கிலிப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் இவருடைய திறமையைக் கண்டுகொண்டார். மறு ஆண்டே அப்பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 2005-இல் தொழில்முறை அணியும் அழைத்தது. கேம் நியூட்டன் 2009-இல் டெக்சஸ் மாநிலத்துப் பிளின் கல்லூரியில் ஆடி, 2010-இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்திற்குப் பெரும்புகழ் தேடித் தந்து, 2011-இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதலாமவராக அழைக்கப்பெற்றார். இரண்டாம் வாய்ப்பு என்பது பொய்யன்று என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

ஆயினும், இவர்கள் சென்ற வழி வேறு; இங்கு ஆராயப்படும் வழி வேறு. அண்மை ஆண்டுகளில், கல்லூரியின் சாயலைக் கொண்டும் கல்லூரியாக இல்லாமலும் இயங்கும் கால்பந்து அணிகள் அமெரிக்காவில் தோன்றியுள்ளன. அவை பட்டமோ பாடமோ தாமே வழங்குவதில்லை. தொலைவிலுள்ள ஏதேனும் ஒரு கல்லூரியின் இணையவழி வகுப்பில் இளைஞரைச் சேரச் செய்கின்றன. தங்குமிடம், உணவு, பயிற்சி, ஆட்டம் ஆகியவற்றுக்கென அவரிடமே ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கட்டணமாகப் பெறுகின்றன. திறமையைத் தேடிவந்து பொருள் தருவது விளையாட்டுலகின் பழைய முறை; பொருள் தருபவனைத் தேடிச்சென்று ஆடவிடுவது இப்புதிய முறை.

இம்முறையை ஆதரிப்போர் கூறும் காரணங்களை எளிதில் தள்ளிவிட இயலாது. பெற்றோர் இசை பயிற்றுவிக்கக் கட்டணம் தருகின்றனர். துணைப்பாட வகுப்புக்கும் தருகின்றனர். விளையாட்டுப் பயிற்சிக்கு மட்டும் தருதல் எவ்வாறு குற்றமாகும்? பதினெட்டு வயதில் உடல் முற்றாதவன் இருபதில் முற்றலாம். காயத்தால் ஓராண்டை இழந்தவனும், சிற்றூரில் பிறந்ததால் எவர் கண்ணிலும் படாதவனும் உளர். அவர்களுக்கு ஓர் ஆடுகளம் வேண்டாவா? மேலும், வயது வந்த ஒருவன் தன் பொருளைத் தன் கனவுக்குச் செலவிடுவதைத் தடுக்கும் உரிமை பிறர்க்கு உண்டா?

இவ்வாதங்களை நிறுத்துப் பார்ப்பதற்கு வள்ளுவர் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தில், வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலையும் இழக்கச் செய்யும் செயலில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்கிறார் அவர். ஊதியம் கிட்டாமற் போவது ஒருவகை இழப்பு. முதலே அழிந்துபோவது அதனினும் கொடிய இழப்பு. ஆகவே, இவ்விளைஞன் எதனை முதலாக இடுகிறான் என்பதைக் காண வேண்டும்.

கட்டணப் பணம் அம்முதலின் ஒரு பகுதியே. மற்றொரு பகுதி காலம். பல்கலைக்கழக விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. கழகத்தின் முதற்பிரிவில் நெடுங்காலமாக இருந்துவந்த விதிப்படி, ஒருவன் எக்கல்லூரியிலேனும் முழுநேர மாணவனாகச் சேர்ந்த நாள்முதல் ஐந்தாண்டுக் கணக்கு ஓடத் தொடங்கும். அதற்குள் நான்கு பருவங்களே ஆடலாம். தொடக்கக் கல்லூரியில் ஆடிய பருவமும் அக்கணக்கில் சேரும் என்பதை எதிர்த்து, தியேகோ பாவியா என்னும் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், 2024 திசம்பரில் நீதிமன்றம் அவருக்குச் சார்பாக இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆயினும், வழக்குமன்றத்தின் கருணையை நம்பித் தன் இளமையைச் செலவிடுதல் யாவர்க்கும் பொருந்தும் வழியன்று.

இன்னொரு பகுதி கல்வியுதவி. வறிய மாணவர்க்கு அமெரிக்க நடுவண் அரசு வழங்கும் பெல் உதவித்தொகை, 2024–25 கல்வியாண்டில் ஆண்டொன்றுக்கு 7,395 வெள்ளி வரை கிடைத்தது. அதனை ஒருவர் தம் வாழ்நாளில் 12 அரையாண்டுப் பருவங்களுக்கு மேல் பெற இயலாது. ஆடுவதற்கென்றே பெயருக்குச் சேர்ந்த இணைய வகுப்பில் அவ்வுதவியைச் செலவிட்டவன், உண்மையாகப் படிக்க விரும்பும் நாளில் அந்த அளவுக்குக் குறைந்த உதவியையே பெறுவான். அவ்வகுப்பில் தவறினால், அந்த மதிப்பெண்ணும் அவனைத் தொடரும். இவற்றோடு உடலும் முதலாகிறது. மோதலே இயல்பான ஆட்டத்தில் முழங்காலும் தோளும் மூளையும் விலையாகின்றன. 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர், மறைந்த தொழில்முறை ஆட்டக்காரர் 111 பேரின் மூளைகளை ஆராய்ந்தபோது, 110 பேரிடம் தொடர்ந்த அடிகளால் விளையும் நோயின் தடயத்தைக் கண்டனர். ஐயத்தின் பேரில் குடும்பத்தார் அளித்த மூளைகள் பல அவற்றுள் இருந்தமையால், எல்லார்க்கும் இவ்வாறே நேரும் என்று கூறுதல் தகாது. எனினும், ஆட்டத்தின் ஆபத்தை மறுப்பதும் தகாது.

இவ்வளவையும் முதலாக இட்டவனுக்குக் கிட்டக்கூடிய ஊதியம் எத்தன்மையது? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இவ்வாட்டத்தை ஆடுவோர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். தொழில்முறைக் கழகத்தில் உள்ளவை 32 அணிகள். அணிக்கு 53 பேராக 1,696 இடங்கள். பல்கலைக்கழக அணியில் இடம்பெறுவதே போதும் என்பார்க்கும் வழி குறுகியுள்ளது. 2018-இல் பல்கலைக்கழகம் மாற விரும்பும் ஆட்டக்காரர்க்கெனப் பொதுப் பதிவேடு ஏற்பட்டது. 2021-இல் அவ்வாறு மாறியவர் ஒரு முறை காத்திராமல் உடனே ஆடவும் இசைவு கிடைத்தது. அதுமுதல், தேர்ச்சி காட்டிய பிற பல்கலைக்கழக ஆட்டக்காரரையே பயிற்சியாளர் முதலில் நாடுகின்றனர். 2025-இல் ஏற்பட்ட வழக்குத் தீர்வையொட்டி, அதனை ஏற்ற முதற்பிரிவுப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணிக்கு 105 பேர் என்னும் வரம்பும் வந்துவிட்டது. பெயரறியா அணியில் பணம் கட்டி ஆடியவன் அவ்வரிசையில் மிகப் பின்னாலேயே நிற்பான்.

இதுவரை கூறியது இலாப நட்டக் கணக்கு. அறத்தின் கணக்கு இதனோடு முடிவதில்லை. ஒரு பயிற்சியாளர் ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுத்து உபகாரச் சம்பளம் வழங்கும்போது, தம் கல்லூரியின் பொருளையும் தம் பெயரையும் பணயம் வைக்கிறார். தேர்வு பிழைத்தால் இழப்பு அவருக்கும் உண்டு. ஆகவே, “உன்னிடம் திறமை உண்டு” என்று அவர் கூறும் சொல் ஒரு சான்று. கட்டணம் பெறுபவர் அதே சொல்லைக் கூறும்போது, அவர் எதனையும் பணயம் வைக்கவில்லை. இளைஞன் வென்றாலும் தோற்றாலும் கட்டணம் அவர் கைக்கு வந்துவிடுகிறது. அச்சொல் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அது சான்றாகாது. இசையாசிரியர்க்குத் தரும் கட்டணத்தோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தாமைக்குக் காரணம் இதுவே. இசையாசிரியர் பயிற்சியை விற்கிறார். மாணவன் மேடை ஏறாவிட்டாலும் பாட்டு அவனிடம் எஞ்சும். இவரோ, “நீ தேர்ந்தெடுக்கப்பட்டாய்” என்னும் பெருமையை விற்கிறார். விலைக்குக் கிடைத்த தேர்வு தேர்வாகாது.

மேற்பார்வையற்ற இத்தகைய முயற்சிகள் எங்குக் கொண்டுசெல்லும் என்பதற்குப் பள்ளி நிலையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021 ஆகஸ்டில், ஒஹாயோ மாநிலத்துப் பிஷப் சிகமோர் என்னும் பெயர்கொண்ட அணி, நாடெங்கும் ஒளிபரப்பான ஆட்டத்தில் 58–0 என்ற கணக்கில் தோற்றது. மூன்று நாள்களுக்குள் அவ்வணி ஆடிய இரண்டாம் ஆட்டம் அது. பள்ளி எங்கே என்று மக்கள் தேடியபோது பள்ளியே தென்படவில்லை. மாநிலக் கல்வித்துறை அவ்வாண்டு திசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், அது மோசடி என்றே குறித்தது. அவ்வணியில் ஆடியோருள் பள்ளிப் படிப்பை முன்னரே முடித்தவரும் இருந்தனர். இன்னும் ஒரு பருவம் ஆடினால் எவரேனும் தம்மைக் காண்பர் என்னும் நம்பிக்கை, ஆராயும் கண்ணை மறைத்துவிடக் கூடியது.

இதனால், கட்டணம் பெறும் அணிகள் அனைத்தும் மோசடி என்று முடிவுகட்டுதல் நேர்மையாகாது. மனமார உழைக்கும் பயிற்சியாளரும் அவற்றுள் இருக்கக்கூடும். குற்றத்தின் ஒரு பங்கு, கதவடைத்த சமுதாயத்தையும் சாரும். அரிசோனா மாநிலத்து மரிகோபா மாவட்டத் தொடக்கக் கல்லூரிகள் நான்கு, செலவு மிகுதி எனக் கூறி, 2018-ஆம் ஆண்டுப் பருவத்தோடு கால்பந்து அணிகளைக் கலைத்துவிட்டன. அணிகள் மறைந்தாலும் இளைஞரின் ஆசை மறைந்துவிடாது. பொதுக்கிணறு வற்றிய ஊரில், தண்ணீர் விற்பவனை மட்டும் பழித்துப் பயனில்லை.

ஆயினும், வேறு கிணறுகள் இன்னும் உள்ளன. கலிபோர்னியாவின் பொதுத் தொடக்கக் கல்லூரிகள் ஆட்டக்காரர்க்கு உபகாரச் சம்பளம் தருவதில்லை. அங்கும் மாணவனே செலவு செய்கிறான். அம்மாநிலத்தவனுக்குப் பாடக் கட்டணம் அலகொன்றுக்கு 46 வெள்ளி. ஒரு பருவத்தின் 12 அலகுகளுக்கு 552 வெள்ளி. ஆட்டத்தில் இடம் கிடைக்காவிடினும் அப்பன்னிரண்டு அலகுகள் அவனுக்கே உரியவை. பணம் கட்டுவதே பழுது என்று கூறுதற்கில்லை என்பதும், பணத்திற்கு ஈடாக எது எஞ்சுகிறது என்பதே வினா என்பதும் இதனால் விளங்கும்.

ஆகவே, இத்தகைய முயற்சி தகுமா எனக் கேட்போர், அதனால் உயர்ந்த ஒருவனைக் காட்டுமாறு கேட்டல் போதாது. உயராத தொண்ணூற்றொன்பது பேரைக் காட்டுமாறு கேட்டல் வேண்டும். அவர்கள் வீடு திரும்பும்போது கையில் எதனைக் கொண்டு திரும்பினர்? ஏற்கத்தக்க பாட அலகுகளா, கடனா? அவர்களுடைய தோல்வியில் நிறுவனத்தாருக்கும் பங்கு உண்டா, அன்றி இழப்பு முழுவதும் இளைஞனுடையதா? இவ்வினாக்களுக்கு நேரான விடை தரும் நிறுவனத்திற்குப் பொருள் கொடுத்தல் தவறாகாது. விடை தர மறுக்கும் நிறுவனம் எவ்வளவு இனிக்கப் பேசினாலும், அதனை அணுகாதிருத்தலே அறிவுடைமை. அளந்து பார்த்தால், கல்லூரியின்றிக் கல்லூரிப் பெயரால் நடக்கும் அணிகள் பெரும்பாலும் இச்சோதனையில் தேறா.

பதினெட்டு வயதினனிடம், “உன்னால் ஆகாது” என்று கூற எவர்க்கும் நா எழுவதில்லை. “பணம் கட்டினால் ஆகும்” என்று கூறுவது எளிது, கேட்பவனுக்கும் இனிது. இவ்விரண்டுக்கும் இடையே ஆசிரியர் சொல்ல வேண்டிய சொல் ஒன்று உண்டு: “முயல்க, ஆனால், தோற்றாலும் உன்னை வெறுங்கையனாக அனுப்பாத இடத்தில் முயல்க.” கனவு காணும் மாணவனுக்கு நல்லாசிரியன் தரக்கூடிய உண்மையான துணை அச்சொல்லே. அதற்கு விலை இல்லை.