ரோட்டின் பற்றும் வரவும்

ஒரே ரோடு. அதில் ஒரு காரும் ஒரு சைக்கிளும் போகின்றன. காரில் போகிறவரைக் கேட்டால், ‘நல்ல ரோடு’ என்கிறார். சைக்கிளில் வருகிறவர், ‘இதெல்லாம் ஒரு ரோடா?’ என்கிறார். யார் சொல்வது சரி?

ரெண்டு பேர் சொல்வதும் சரிதானே என்பீர்கள். சரிதான். ஆனால், ரோடு போடுகிறவர்கள் ரெண்டு பேரையும் கேட்பதில்லையே!

மேலோட்டமாகப் பார்த்தால் தார் ரோடு எல்லாமே ஒன்றுதான். கொஞ்சம் குனிந்து பாருங்கள். பொடி ஜல்லி கலந்து இறுக்கிப் போட்டது ஒரு ரகம். பெரிய ஜல்லி துருத்திக்கொண்டு, பலாப்பழத் தோல் மாதிரி இருப்பது இன்னொரு ரகம். புதுசாகப் போடுவதற்காகப் பழைய தாரைச் சுரண்டிவிட்டு, வரிவரியாக அப்படியே சில நாள் விட்டுவைப்பது மூன்றாவது ரகம். காருக்கு இதெல்லாம் பெரும்பாலும் சத்தத்தில்தான் வித்தியாசம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் அதுவும் போச்சு!

சைக்கிள் கதை வேறு. சீட்டுக்கு அடியில் இருக்கிற ரெண்டு ஸ்பிரிங்கை விட்டால், ஓட்டுகிறவரின் மணிக்கட்டும் முழங்கையும் முதுகெலும்பும்தான் ஷாக் அப்சார்பர். ஒவ்வொரு குலுக்கலிலும், முன்னால் போக வேண்டிய சக்தியில் கொஞ்சம் அவர் உடம்புக்குள்ளேயே சூடாகி வீணாகிறது. கரடுமுரடான ரோட்டில் காருக்கும் கூடுதல் செலவு உண்டு. அந்த பில்லை பெட்ரோல் பங்க்கில் கட்டிவிடலாம். சைக்கிள்காரர் மூச்சு வாங்கிக் கட்டுகிறார்.

சரி, கண்ணாடி மாதிரி வழவழவென்று போட்டுவிட்டால்? அதுவும் ஆகாது. மழையில் நனைந்த பாதாளச் சாக்கடை மூடி மேல் சக்கரம் ஏறும்போது என்ன ஆகும் என்று எந்த சைக்கிள்காரரையும் கேளுங்கள். குலுக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. பொடி ஜல்லி ரோட்டில் இந்த ரெண்டுமே சாத்தியம். இஞ்சினீயர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை.

பல ரோடுகளில் நடுப்பகுதி அப்படித்தான் இருக்கிறது. சைக்கிளுக்கு ஒதுக்கப்பட்டது ஓரம். தார் முடிந்து, மணல் சேர்ந்து, மழைநீர்க் கம்பி மூடி வாயைப் பிளந்துகொண்டிருக்கும் இடம். அதில்தான் டீ கேன் கட்டிய பையன் வருகிறான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்த அறுபது வயசு செக்யூரிட்டி வீட்டுக்குப் போகிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல ரோடு வேண்டும் என்று முதலில் கொடி பிடித்தவர்களில் சைக்கிள்காரர்களும் உண்டு. அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் 1880-ல் சங்கம் ஆரம்பித்தார்கள். ‘நல்ல ரோடுகள்’ என்ற பெயரில் 1892-ல் ஒரு பத்திரிகையே நடத்தினார்கள். கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியதே 1886-ல்தான். பந்தி போட இலை கேட்டவன் ஒருத்தன், உட்கார்ந்து சாப்பிடுகிறவன் இன்னொருத்தன்!

‘சைக்கிள்காரன் ரோடு டாக்ஸ் கட்டுகிறானா, சார்?’ என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பி.காம். படித்தவனுக்குக் கணக்கென்றால் ஒரு சபலம். போட்டுத்தான் பார்ப்போமே.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சோதனைக்கென்றே ரோடு போட்டு, அதில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேல் இறங்கும் எடை ரெண்டு மடங்கானால், ரோட்டுக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்காகிறது என்று தெரிந்தது. அதாவது, நாலாம் அடுக்கில் ஏறுகிறது. லாரியின் ஓர் அச்சில் 8 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளோடு சேர்த்து சைக்கிளின் ஓர் அச்சில் 40 கிலோ. எடை வித்தியாசம் 200 மடங்கு. சேதத்தில்? 160 கோடி மடங்கு! இவ்வளவு சின்ன எடைக்கு இது தோராயக் கணக்குதான். பாதிக்குப் பாதி கழித்தாலும், சைக்கிளின் பங்கு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

மழையும், அடிக்கடி தோண்டுகிற இலாகாக்களும் ரோட்டைக் கெடுப்பது தனிக் கணக்கு. அதிலும் சைக்கிள்காரருக்குப் பங்கில்லை.

இப்போது பேரேட்டைப் பாருங்கள். உடைக்கிறவருக்கு வலி தெரிவதில்லை. வலிக்கிறவர் உடைக்கவில்லை. ஒருவர் பற்றை இன்னொருவர் கணக்கில் எழுதியிருக்கிறோம். எந்த ஆடிட்டரும் இதில் கையெழுத்துப் போடமாட்டார்.

நான் சைக்கிள்காரருக்காக இரக்கம் கேட்கவில்லை. கேட்பது வேறு. பொதுவான ஒரு பொருள் சரியாக இருக்கிறதா என்று யாரை வைத்து அளப்பது? பஸ் படியின் உயரத்தை முழங்கால் வலிக்காரரை வைத்து அளக்க வேண்டும். ஆஸ்பத்திரி பெஞ்சை, அதில் மூணு மணி நேரம் உட்காருகிறவரை வைத்து. வலி தெரியாதவரை வைத்து அளந்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

இதில் யாருக்கும் நஷ்டமும் இல்லை. சைக்கிளுக்கு நல்லதாக இருக்கிற ரோடு, காருக்கும் நல்ல ரோடுதான். திருப்பிச் சொன்னால் பொருந்தாது.

அதனால் ஒரு சின்ன யோசனை. ரோடு போட்டு முடித்ததும், பில்லைப் பாஸ் பண்ணுகிற அதிகாரி ஒரு வாடகை சைக்கிளை எடுத்து, இடது ஓரமாகவே ஒரு கிலோமீட்டர் ஓட்டட்டும். கையெழுத்தை அப்புறம் போடட்டும்.