எந்த ஊர்த் திருவிழா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டைச் சுற்றிய தெருக்களில் பலருக்கு ‘ஊர்’ என்றால் இன்னும் நெல்லையும் தூத்துக்குடியும்தான். அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தால் கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறிவிடுவார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். நான் பிறந்து வளர்ந்தது இங்கே. கோயிலுக்கு வரி கட்டுவது அங்கே.

மெட்ரோவில் ஏறினால் சில நிறுத்தங்களில் திருவொற்றியூர் தேரடி. தேவார மூவரும் பாடிய தலம், பட்டினத்தார் அடங்கிய கடற்கரை. ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் நாள்தோறும் நாடிவந்தது இங்குள்ள வடிவுடையம்மனை. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பிய தூங்கானை மாட விமானம் இன்றும் நிற்கிறது. புற்றுருவான ஆதிபுரீசுவரரை ஆண்டு முழுவதும் கவசம் மூடியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி 3 நாள் மட்டும் அதைத் திறந்து புனுகும் சவ்வாதும் தைலமும் சாத்துகிறார்கள்.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது சுந்தரர் கதை. ஒற்றியூரில் இருந்த சங்கிலியாரை மணக்க, பிரியமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யவேண்டும். சந்நிதியில் செய்வதாகச் சொல்லிவிட்டு, அந்த நேரம் மகிழமரத்தடியில் போய் இருங்கள் என்று சிவனிடமே கேட்டுக்கொண்டார். சங்கிலியாரின் தோழியரோ மகிழடியிலேயே சத்தியம் கேட்டுவிட்டார்கள், அவரும் செய்தார். பிறகு வேனில் வந்தது. தென்றல் வீசியதும் திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது. அங்கிருந்த முதல் மனைவி பரவையாரின் நினைவும் சேர்ந்தது. கிளம்பிவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின என்கிறது பெரியபுராணம்.

ஆரூரில் இருப்பவர் தியாகராசர். இன்று ஒற்றியூரிலும் அவரே. சாமிக்காகவா சுந்தரர் அப்படி ஏங்கினார்? ஊருக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. கொடைக்கு ரயிலேறும் எங்கள் தெருக்காரர்களை அறிந்த நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனாலும் சங்கிலியாரின் ஊருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மாசிப் பிரம்மோற்சவத்தில் மகிழடி சேவையாக அந்தச் சத்தியத்தை ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வந்தவர்களின் பிள்ளைகள் கூடிநின்று பார்க்கிறார்கள். வழியிலுள்ள காலடிப்பேட்டைகூட கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டைதான். வந்தவர்கள் தங்கித்தான் இந்த வடசென்னை உண்டானது.

இருக்கும் இடத்தை வெறும் பிழைப்பிடமாக வைத்திருப்பது அந்த மண்ணுக்குச் செய்யும் துரோகம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்தது. மீனவர்கள் வலையும் படகும் கெட்டுப் பதறியபோது எங்கள் தெரு தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வேலைக்குப் போனது. நம் ஊர் வேறெங்கோ இருக்கிறது என்ற நினைப்புக்கு அதில் பங்குண்டு.

அம்மாவுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. “கொடைய விட்டுறாதப்பா” என்கிறார். விடமாட்டேன், வரியும் கட்டுவேன், போகவும் போவேன். ஆனால் வரும் மாசியில் பிள்ளைகளை மகிழடி சேவைக்குக் கூட்டிப்போகிறேன். பள்ளிக்கூடத்தில் சொந்த ஊர் எது என்று கேட்டால் அவர்கள் தயங்காமல் வண்ணாரப்பேட்டை என்று சொல்லட்டும்.