சீற்றமும் சமநிலையும்: ருத்ரா குழுவின் இசையில் ஓர் அத்வைதச் சிக்கல்

கோபத்தையே மொழியாகக் கொண்ட ஓர் இசை, கோபம் எழுவதற்கே இடமில்லாத ஒரு நிலையைப் பற்றிப் பேச முடியுமா என்ற கேள்வி மின்கிதார்களின் காலத்தில் பிறந்ததன்று. கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்த தைத்திரீய சங்கிதையின் நான்காம் காண்டத்தில் உள்ள ஸ்ரீருத்ரம், உருத்திரனுடைய அருளை வணங்கித் தொடங்கவில்லை. அவனது சினத்தை முதலில் வணங்கி, பிறகு அம்பையும் வில்லையும் வில்லேந்திய கைகளையும் வணங்குகிறது. நமகம் எனப்படும் அதன் பதினொரு பகுதிகளில் எட்டாவதை எட்டும்போதுதான், சைவர்கள் உயிரினும் மேலாகப் போற்றும் ஐந்தெழுத்து வருகிறது. அச்சத்தில் தொடங்கி மங்கலத்தை அடையும் அந்த நெடும் ஓதுதலில், சினம் கொண்டவனும் சிவனாக அமைந்தவனும் ஒருவனே என்பதை ஓதுபவர் ஏற்றாக வேண்டும்.

இந்த இருமுகத்தை அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் வழிபாட்டு மரபு கல்லிலும் கதையிலும் வைத்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராஜேந்திரன் (ஆட்சிக்காலம் 1014–1044) எழுப்பிய பெருங்கோயிலின் வடக்கு வாயிற்படியருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் சிற்பம் உள்ளது. சிவபூசைக்கு வைத்த பாலைக் காலால் இடறிய தந்தையின் கால்களை, கையில் எடுத்த கோல் மழுவாக மாற, மகன் வெட்டிய கதையை அது அடிப்படையாகக் கொண்டது. ஆனால் சிற்பி தேர்ந்துகொண்ட தருணம் வெட்டு அன்று, அதற்குப் பின் உமையோடு அமர்ந்த இறைவன் தன் கையாலேயே கூப்பிய கரங்களோடிருக்கும் சண்டேசரின் தலையில் மாலை சுற்றும் தருணம். சேக்கிழாரின் பெரியபுராணத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முந்திய இச்சிற்பம், தந்தையையே தாக்கிய ஒரு சீற்றத்தை இறைவன் மன்னித்ததாகக் கூடக் காட்டவில்லை. அதற்கு முடிசூட்டியதாகக் காட்டுகிறது. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில், திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் மதுரகாளியம்மன் கோயிலின் மரபுக்கதையோ, மந்திரவாதியை அழித்த உக்கிர தெய்வம் அங்கே அமர்ந்ததையும், அத்வைதத் துறவியான சதாசிவ பிரம்மேந்திரர் அங்கே ஸ்ரீசக்கரம் நிறுவியதையும் சேர்த்தே சொல்கிறது. எல்லாம் ஒன்றே என்று கண்டவராகப் போற்றப்படும் ஒருவர், உக்கிரத்தின் சந்நிதியைத் தவிர்க்காமல் அங்கே வந்து நின்றார் என்று மக்கள் நம்ப விரும்பியிருக்கிறார்கள் என்பதே இக்கதையில் கவனிக்கத்தக்கது.

இந்தப் பின்னணியில்தான் சிங்கப்பூரின் ருத்ரா இசைக்குழு முப்பதாண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த பாதை, இசை ரசனைக்கு அப்பால், தத்துவ விசாரணைக்கு உரியதாகிறது. அக்குழு சார்ந்திருக்கும் இசைவகையை முதலில் விளக்க வேண்டும். பிளாக் மெட்டல் என்ற பெயர், இங்கிலாந்தின் வெனம் குழு 1982இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் தலைப்பிலிருந்து வந்தது. தொடர்ந்து சுவீடனின் பாத்தரி குழுவும், 1990களின் தொடக்கத்தில் நார்வேயின் மேஹெம், டார்க்துரோன், எம்பரர் போன்ற குழுக்களும் அதற்கு உருவம் கொடுத்தன. ஒரே சுரத்தை மீட்டுகோலால் மிக விரைவாகத் திரும்பத் திரும்ப அடித்து ஓர் இடையறாத இரைச்சல் திரையை எழுப்புதல், கால்மேளத்தையும் சிறுமேளத்தையும் மூச்சுவிட இடமின்றிப் பொழிதல், சொல் தெளிவைப் பொருட்படுத்தாமல் தொண்டையைக் கிழித்துக் கத்துதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அதன் தொடக்ககால உள்ளடக்கம் கிறித்தவ எதிர்ப்பு; நார்வேயின் பெர்கன் அருகிலுள்ள ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் 1992 ஜூன் 6 அன்று எரிந்தது அந்த எதிர்ப்பின் வன்முறை முகமாக நினைவில் நிற்கிறது. புரோகிரசிவ் என்னும் அடைமொழி, இவ்விசை தன் ஒற்றைச் சீற்றத்தை விட்டு நீண்ட கட்டமைப்புகளுக்கும் வேக மாற்றங்களுக்கும் தெளிந்த குரலுக்கும் இடம் கொடுத்ததைக் குறிக்கிறது. 1991இல் தோன்றிய நார்வேயின் என்ஸ்லேவ்டு குழு 2000களில் அடைந்த மாற்றம் இதற்குச் சிறந்த சான்று.

அத்தேவாலயம் எரிந்த அதே 1992இல்தான் ருத்ராவும் தொடங்கப்பட்டது. அதன் இசை கலப்பில்லாத பிளாக் மெட்டல் அன்று. கனத்த அடித்தொனியும் உறுமும் குரலும் கொண்ட டெத் மெட்டலோடு அது கலந்தே இயங்குகிறது. பாடகரும் பேஸ் கிதார் வாசிப்பவருமான கதிரும், மேளம் வாசிக்கும் சிவாவும் தொடக்கத்திலிருந்தே அதன் முதுகெலும்பாக இருந்து, தங்கள் இசைக்கு வேத மெட்டல் என்று பெயரிட்டுக்கொண்டார்கள். இங்கே நார்வேயோடு ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நார்வேயின் குழுக்கள் மீட்டெடுக்க முயன்ற பழைய வடபுலத் தெய்வங்களுக்குக் கோயிலும் இல்லை, பூசாரியும் இல்லை, தடுப்பாரும் இல்லை. கற்பனைக்கு முழு உரிமை கிடைத்தது. ருத்ரா எடுத்துக்கொண்டதோ நாள்தோறும் ஓதப்படும் மந்திரம், உயிரோடிருக்கும் குருபரம்பரை, எது எங்கே யாரால் சொல்லப்படலாம் என்று இன்றும் கவலைப்படும் ஒரு சமூகம். அத்தகைய இடத்தில் சீற்ற இசை வெறும் பாவனையாக இருக்க முடியாது. அதற்கு வேதாந்தத்தை முறையாகப் பயின்ற ஒருவரின் பொறுப்பு வேண்டும். கதிரிடம் அது இருந்தது.

குழுவின் ஒலி மாறிய வழியை அதன் இசைத்தட்டுகளின் வரிசையே காட்டுகிறது. 1998இல் குழுவின் பெயரிலேயே வந்த முதல் தட்டில், அக்காலத்து டெத் மெட்டலின் முரட்டு நேர்மையும் இந்தியச் சாயலும் அருகருகே நிற்கின்றனவேயன்றி ஒன்றில் ஒன்று கரையவில்லை. 2001இல் வந்த ‘ஆரியன் குருசேடு’ என்னும் தலைப்பு, மேன்மையானவர் என்ற பழம்பொருளில் வைக்கப்பட்டிருந்தாலும், தமிழக வரலாற்றை அறிந்தவர்க்கு நெருடவே செய்யும். போர் என்னும் உருவகம் இக்குழுவை எவ்வளவு ஆட்கொண்டிருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று. 2003இல் வந்த ‘குருக்ஷேத்ரா’ பகவத் கீதையை எடுத்துக்கொண்டது. இங்கே எதிரி வெளியே, களத்தின் மறுபுறத்தில் நிற்கிறான். ஆனால் கீதை சொல்லவருவது அந்த எதிரியைப் பற்றியன்று, அருச்சுனனின் மயக்கத்தைப் பற்றி. இந்தப் பொருளே குழுவைப் போர்க்களத்திலிருந்து அகத்தை நோக்கித் தள்ளியது என்று கொள்வதில் தவறில்லை.

அதன் பின் வந்த பிரம்மவித்யா முத்தொகுதி (2005, 2009, 2011) அவர்களுடைய ஆக்கங்களில் மிகச் செறிவானது. முதல் தொகுதி உபநிடதங்களில் வேரூன்றியது. இரண்டாம் தொகுதி ஆசிரிய மரபை நோக்கித் திரும்பி, ஆதிசங்கரரை வணங்கும் பாடலில் தொடங்கி, அஷ்டாவக்கிரர் வரை செல்கிறது. இத்தொகுதிகளில் ஓதும் குரல், பாடலுக்கு முன்னால் ஒட்டிய அலங்காரமாக நில்லாமல் தாளத்தின் கட்டமைப்புக்குள் நுழைகிறது. கிதாரின் மீள்வரிகள் மந்திரத்தின் அடியளவோடு உறவு கொள்கின்றன. வேகம் தணியும் இடங்கள் களைப்பாறுதலாக இல்லாமல் சிந்தனையின் திருப்பங்களாக அமைகின்றன. 2013இல் பிரபஞ்ச ஒழுங்கைக் குறிக்கும் ‘ரித’ என்ற தலைப்பிலும், 2016இல் ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’, அதாவது இருமையின் பகைவன், என்ற தலைப்பிலும், 2022இல் ‘எய்ட் மஹாவித்யாஸ்’ என்ற தலைப்பிலும் தட்டுகள் வந்தன. இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் உறுமல் நிற்கவில்லை. என்ஸ்லேவ்டு போன்ற குழுக்கள் முதிர்ச்சியைத் தெளிந்த பாட்டுக் குரலோடு இணைத்துக்கொண்டபோது, ருத்ரா கரகரத்த குரலையே தன் மையமாகக் காத்தது.

அத்வைத நோக்கில் முதல் தடை இந்த உறுமலிலேயே இருக்கிறது. சங்கரர் மரபில் விடுதலை தருவது அறிவு. அந்த அறிவு உபநிடத வாக்கியத்தைக் கேட்டு, அதன் பொருளைப் புரிந்துகொள்வதால் எழுவது. கேட்டல், சிந்தித்தல், அதிலேயே நிலைத்தல் என்ற மூன்று படிகளில் முதலாவதற்குச் சொல் செவியில் தெளிவாக விழ வேண்டும். சொல்லை விழுங்கிவிடும் குரல் எப்படி அறிவுக்கு வாயிலாகும்? மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று வாதிட்ட கௌத்சரை யாஸ்கர் தம் நிருக்தத்தில் மறுத்த பழைய வழக்கு, இங்கே வேறு வடிவில் திரும்புகிறது. ஓசையே போதும் என்பவர் கௌத்சர் பக்கம் சாய்வார். ஆனால் வேதாந்தி அப்படிச் சாய முடியாது. எனவே ருத்ராவின் இசை ஞானத்தைத் தருகிறது என்று சொல்வது அத்வைதத்தின் அளவுகோலிலேயே பொருந்தாது. இசை ஒரு செயல். செயலால் விடுதலை விளையாது என்பது சங்கரரின் உறுதியான நிலைப்பாடு. செயலுக்கு அவர் விட்டுவைத்த இடம் சித்தசுத்தி, அதாவது உள்ளத்தின் அழுக்கை நீக்கி அறிவைப் பெறத் தகுதியாக்குதல். அந்த இடம் சிறியதன்று. அடக்கப்பட்ட சினத்தோடு வேதாந்த வகுப்பில் அமரும் ஒருவர் அங்கே சொல்லைக் கேட்கிறாரேயன்றிப் பொருளைக் கேட்பதில்லை; அச்சினத்துக்கு ஓர் ஒழுங்கான வடிவம் கொடுத்து வெளியே எடுக்கும் இசை, பாடல் வரிகளைத் தனியே படிக்கவும் தூண்டுமானால், கேட்டலுக்கு முந்திய பணியை அது செய்துவிடுகிறது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிக் கிராமத்து அம்மன் கோயில்களில் உடுக்கையின் வேகம் கூடக்கூட வருந்தி அழைக்கப்படும் தெய்வமும், அந்த வேகத்தில் தம்மை இழக்கும் மக்களும், இதே பணியை மின்சாரமின்றிச் செய்துவந்திருக்கிறார்கள்.

இரண்டாம் தடை இன்னும் ஆழமானது. இருமைக்குப் பகைவன் என்று ஒருவன் தன்னை அறிவித்துக்கொண்டால், பகைவனும் பகைக்கப்படுவதுமாக அங்கே இரண்டு ஏற்பட்டுவிடுகின்றன. மாண்டூக்கிய உபநிடதத்துக்குக் காரிகை இயற்றிய கௌடபாதர் இதை முன்பே உணர்ந்திருந்தார். இருமைவாதிகள் தத்தம் முடிவுகளில் ஊன்றி ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள் என்றும், தம் கொள்கைக்கு அவர்களில் எவரோடும் மோதல் இல்லை என்றும் அவர் காட்டினார். பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட அந்த உபநிடதம், ஓங்காரத்தின் மூன்று மாத்திரைகளை விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் ஆகியவற்றோடு இணைத்து, நான்காவதான துரியத்தை மாத்திரையே இல்லாததாக, ஒலி கடந்ததாக வைக்கிறது. ஒலியின் வழியே செல்லும் எந்தக் கலையும் அந்த நான்காவதைச் சுட்ட முடியுமேயன்றி அதுவாக முடியாது. பகைமையைக் கருவியாகக் கொண்ட கலைக்கு அந்தத் தொலைவு இன்னும் அதிகம். ருத்ராவின் தரப்பில் நின்று ஒரு விடை சொல்லலாம்: இங்கே பகை ஒரு பொருளின் மேலன்று, இருப்பதாகத் தோன்றும் ஒரு மயக்கத்தின் மேல், மயக்கம் நீங்கும்போது பகைவனும் நீங்குவான். தர்க்கத்தில் இவ்விடை நிற்கிறது. அனுபவத்தில் அது எளிதில் நிற்பதில்லை, ஏனெனில் சீற்றத்தின் சுவையை அறிந்த மனம் மயக்கம் நீங்கிய பின்னும் புதிய எதிரியைத் தேடிக்கொள்ளும். நாட்டிய சாத்திரம் ரௌத்திரத்தை எட்டுச் சுவைகளில் ஒன்றாக வைத்து அதன் நிலைத்த உணர்ச்சி சினம் என்றது. ஒன்பதாவதாகிய சாந்தத்தைப் பிற்காலத்து அபிநவகுப்தர் எல்லாச் சுவைகளுக்கும் அடித்தளமாக நிறுவினார். அவர் வழியில் சென்றால், ரௌத்திரம் முதிர்ந்து சாந்தமாக மாற வேண்டியதில்லை. ரௌத்திரம் எழுவதும் அடங்குவதும் சாந்தத்தின் மேலேயே என்று ஆகும். ருத்ராவின் சிறந்த பாடல்களில், மேளப் பொழிவு உச்சத்தில் இருக்கும்போதே தம்புராவின் சுருதிபோல ஒரே தொனி அடியில் நின்றுகொண்டிருப்பதைக் கேட்பவர், இக்கருத்தை நூலின்றியே அறிந்துகொள்ள வாய்ப்புண்டு.

தமிழ்ச் சைவம் இதே சிக்கலை வேறுவிதமாக அவிழ்க்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் நிறுவிய சித்தாந்தம், அத்வைதம் என்பதை ஒருபொருள் மட்டுமே உண்மை என்று கொள்ளாமல், இறைவனும் உயிரும் ஒன்றாகவும் வேறாகவும் உடனாகவும் நிற்கும் பிரிப்பற்ற உறவாகக் கொண்டது. ஆணவ மலம், அதாவது உயிரைப் பற்றியிருக்கும் தன்முனைப்பின் அழுக்கு, முத்தியிலும் அழிந்துபோவதில்லை, அதன் ஆற்றல் மட்டுமே ஒடுங்குகிறது என்பது இம்மரபின் நுட்பமான முடிவு. இதைச் சினத்துக்குப் பொருத்தினால், சண்டேசர் சிற்பத்தின் பொருள் துலங்குகிறது: அங்கே சீற்றம் பொய்யென்று மறுக்கப்படவில்லை, தன்முனைப்பு நீங்கி இறைவனின் கைக்குள் வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் தட்டின் தலைப்போடு ஒரு சித்தாந்தி உடன்படமாட்டார். ஆனால் அத்தட்டின் ஒலியோடு உடன்பட அவருக்குக் காரணம் உண்டு.

மணிவாசகரின் திருவாசகத்தை இளையராஜா புடாபெஸ்ட் இசைக்குழுவின் துணையோடு 2005இல் வெளியிட்டபோதும், அதே மரபில் 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இசைத்தபோதும், மேலைச் சேர்ந்திசையில் சைவம் ஒலிப்பதைத் தமிழர் பெரிதும் மகிழ்ந்து ஏற்றார்கள். உருக்கத்துக்குக் கிடைத்த அந்த ஏற்பு உக்கிரத்துக்கு எளிதில் கிடைப்பதில்லை. சிங்கப்பூரிலேயே, சுவீடனின் வாட்டைன் என்னும் பிளாக் மெட்டல் குழுவின் நிகழ்ச்சி 2019 மார்ச் 7 அன்று சமய நல்லிணக்கத்தின் பேரில் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு நிறுத்தப்பட்டது. ஒரு சமயத்தை இழித்துரைக்கும் சீற்றத்தை அரசு ஐயுறுவது புரிந்துகொள்ளக்கூடியது. ஒரு சமயத்தின் உள்ளிருந்து, அதன் நூல்களைக் கற்று, தன் அறியாமையையே பகையாகக் கொண்டு எழும் சீற்றத்தை அதே தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது. ஸ்ரீருத்ரத்தை நாள்தோறும் ஓதும் ஒரு மரபுக்கு, சினத்தை வணங்கித் தொடங்கும் உரிமையைப் பிறருக்கு மறுப்பதற்கு நூல் ஆதாரம் இல்லை. அந்த ஓதுதல் எட்டாம் பகுதி வரை செல்கிறதா என்று கேட்கும் உரிமை மட்டும் உண்டு, அந்தக் கேள்வியை ருத்ராவின் ஒவ்வொரு புதிய தட்டின் முன்னும் வைக்கலாம்.