அம்மைப்பாற் சட்டமும் மறக்கருணையும்

உடம்பு, உயிர் உய்தற்பொருட்டு இறைவன் அளித்த கருவி. அதனைப் பேணும் கடனை, அறியாச் சிறுமகவின்பொருட்டுத் தாய்தந்தையர் ஆற்றுவர். அவர் ஆற்றாதவழி அரசு தண்டங் காட்டி ஆற்றுவித்தல் அறமாமோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

செங்கற்பட்டினின்று திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரக் கடற்கரைவரை உள்ள ஊர்களிலும், தமிழகத்துப் பிற இடங்களிற்போலவே, பெரியம்மை மாரியம்மையின் வருகையெனக் கொள்ளப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டு அம்மை குத்தும் முறை வந்தபின்னும், அஃது அன்னையைச் சினப்பிக்கும் என்று அஞ்சினார் பலர். 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதனைக் கட்டாயமாக்க இடந்தந்தது.

நோய் முன்வினைப் பயன் ஆகலின் அதனை ஊசி தடுக்குமோ எனின், பசியும் வினைவழி வருவதே. அதுபற்றி மகவிற்குப் பாலூட்டாதொழியும் தாய் இலள் என்க. வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன். நோயும் அவன் ஆணைவழியது. மருந்தும் அவன் ஆணைவழியதே. இம்மகவிற்கு உரியது நோயோ, நோய் நீக்கமோ என்பதை அறியாதார், நீக்கத்தின் வாயிலை அடைத்தல் ஊழை மதித்தலாகாது. தமக்குப் புதிதாக ஆகாமியம் ஈட்டுதலேயாம்.

அற்றேல், வற்புறுத்தல் அன்பிற்கு மாறன்றோ எனின், அற்றன்று. இறைவன் அருள் அறக்கருணை, மறக்கருணை என இருதிறப்படும். தீநெறிச் செல்லும் மக்களைத் தாய்தந்தையர் ஒறுத்தலும் அன்பே என்பதனாற் சிவஞான சித்தியார் இதனை விளக்கும். மகவு பெற்றோரது உடைமையன்று. அவர்பால் வைக்கப்பட்ட அடைக்கலம். பெரியம்மையோ ஒரு மனையிற் றொடங்கி அயன்மனை மகவையும் பற்றுவது. ஆகலின் அரசு இடைப்படுதல் முறையே. அம்மை குத்துதல் எங்கும் பரவியதன் பயனாக, இந்தியாவில் 1975-ஆம் ஆண்டிற்குப்பின் அந்நோய் பரவவில்லை. 1980-இல் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

ஆயின் ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. மறக்கருணை புரியும் இறைவன் முற்றறிவினன், அரசோ சிற்றறிவினது. காசநோய்க்கு இடும் பி.சி.ஜி. ஊசியை 1955-இல் இராசாசி மறுத்தெழுதினார். அதன் பயனை அறியவே, 1968 முதல் அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர்ப் பகுதியில் இரண்டரை இலக்கத்திற்கும் மேற்பட்ட மக்களிடைப் பேராராய்ச்சி நிகழ்ந்தது. வளர்ந்தோரது நுரையீரற் காசத்தை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. குழவிகளுக்கு வரும் கொடிய காசவகைகளைத் தடுத்தல்பற்றி இன்றும் அது பிறந்த மகவிற்கு இடப்படுகின்றது. ஒரே மருந்து, ஒருநோய்க்கண்ணும் ஒருவழிப் பயன்பட்டு ஒருவழிப் பயன்படாதொழிந்தது. ஆராய்ச்சிக்கு முன்னரே அதனைத் தண்டத்தால் ஏவியிருப்பின், அறியாமையே ஆணையாகியிருக்கும்.

ஆகவே கட்டாயம் அறமாதற்கு மூன்று வேண்டும். மருந்தின் பயன் ஐயமற ஆராயப்பட்டிருத்தல் வேண்டும். நோய் பிறரையும் பற்றும் இயல்பினதாதல் வேண்டும். ஏவலால் ஒரு மகவிற்கேனும் ஊறு நேரின் அதன் சுமையை ஏவினோரே ஏற்றல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும், அறிவுறுத்தலும் வேண்டுதலுமே அரசிற்கு உரியன. 2022-ஆம் ஆண்டு கொரோனா ஊசிபற்றிய வழக்கில், எவரையும் ஊசியிட்டுக்கொள்ள வற்புறுத்தல் ஆகாது என்றும், பொதுநலங் கருதி அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தமையும் இந்நடுநிலையை ஒத்ததே.

ஒறுத்தல் கருணையாவது, ஒறுக்கப்படும் உயிரின் நலமே குறித்தவழி. அஃதின்றிக் கணக்கு நிரப்புதற்கும் ஆணை நாட்டுதற்கும் ஒறுப்பின் அது மறமே, கருணையன்று. அவ்வாறே, ஆராய்ந்து தெளிந்த மருந்தைத் தம் மகவிற்கு மறுப்பாரும் தம்மைப் பத்தரெனக் கொள்ளற்க. அன்னையின் அருள் வேப்பிலையில் உளதாயின், அம்மைப்பாலில் இல்லையென்பார் யார்?