அடைபட்ட வழி யார் குற்றம்?

இருதயத்திற்குக் குருதியூட்டுந் தமனிகள் அடைபட்டவிடத்து, காலினின்றும் எடுத்த சிரையால் மாற்றுவழி கோலும் அறுவை மருத்துவத்தை, அர்ஜென்டினா நாட்டவராகிய ரெனே பவலோரோ என்பார் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1967-ஆம் ஆண்டு முதற்கொண்டு செய்து நிலைநிறுத்தினார். அவ்வறுவை அடைப்பினை நீக்குவதன்று. அதனைச் சுற்றிச் செல்வதேயாம். நோய்முதல் உடம்பினுள்ளேயே நிற்கும்.

ஆண்டுகள் பல கழிந்தபின் அவ்வழியும் அடைபடின், 'பத்தியங் காத்திலை' என நோயாளியைச் சுற்றத்தார் கடிதல் வழக்கமாயிற்று. அது முறையாமோ? சிரையென்பது குருதியின் மெல்லிய அழுத்தத்தைத் தாங்குதற்கே அமைந்தது. தமனியின் விசையை இடையறாது ஏற்குங்கால் அதன் உட்சுவர் தடித்து, நாளடைவிற் கொழுப்புப் படிந்து குறுகும். பத்தாண்டு செல்லுமுன் ஏறக்குறையப் பாதிச் சிரைகள் அடைபடுகின்றன, அன்றிப் பெரிதுங் குறுகுகின்றன. மார்பின் உட்டமனியாற் கோலிய வழியோ, அக்காலத்தும் பத்தில் ஒன்பது திறந்தே நிற்கும். அதனைப் பெற்றார் நெடிது வாழ்ந்தமையைக் கிளீவ்லாந்து மருத்துவரே 1986-இல் வெளியிட்டனர். இவ்வேற்றுமை எவருடைய ஒழுக்கத்தானும் விளைந்ததன்று.

அற்றேல், நோயாளிபாற் கடமை யாதுமில்லையோ எனின், உண்டு. புகைபிடித்தலை விட்டார் விடாதாரினும் நெடிது வாழ்கின்றனர். கொழுப்பைத் தணிக்கும் மருந்தும், குருதி உறையாது காக்கும் ஆஸ்பிரினும் சிரையின் கேட்டைத் தாழ்த்துகின்றன. ஆயினும், அம்மருந்துகளை வாழ்நாள் முழுதும் வாங்கும் பொருள் அவர்க்கு உளதோ என்பதைக் கடிவார் எண்ணுவதில்லை.

மார்பில் தழும்புடையா னொருவன் மீண்டும் நெஞ்சு நோவுடன் வருங்கால், எக்குழாயால் வழி கோலப்பட்டது, எத்துணை ஆண்டாயிற்று என்பனவே முதற்கண் வினவற்பாலன. புகைத்தனையோ என்பது அதன்பின்னர்.