படிக்கச் சொல்லலாம், விரும்பச் சொல்லலாமா?

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் முகப்பில் நாலு வியாபாரிகள் கூடினால், கடை வாடகை, சரக்கு விலை, வேலைக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வருவது பிள்ளைகளைப் பற்றிய பேச்சுத்தான். "பையன் நல்ல பிள்ளைதான், ஆனால் புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறான்" என்பார் ஒருவர். "உங்கள் பையன் ஆங்கிலப் புத்தகத்தையாவது தொடுகிறான். என் மகனிடம் தமிழ்ப் புத்தகத்தை நீட்டினால் தலைவலி என்று படுத்துக்கொள்கிறான்" என்பார் மற்றவர். பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதட்டிப் பார்த்தவர் ஒருவர். டியூஷனுக்கு அனுப்பியவர் ஒருவர். புத்தகம் ஒன்றுக்கு இத்தனை வெள்ளி என்று மகனிடம் பேரம் முடித்தவர் ஒருவர்.

வைத்தியம் இருக்கட்டும். அதற்கு முன் யோசிக்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு காரியத்தைச் செய் என்று தகப்பன் பிள்ளைக்குக் கட்டளையிடலாம். அதை விரும்பு என்று கட்டளையிட முடியுமா? முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று பிள்ளையைக் கோபிப்பது நியாயமா?

எழுத்தறிவு கொடுப்பது தகப்பன்மீதுள்ள கடன் என்பதில் சந்தேகமில்லை. நம் மார்க்கத்தில் வஹீ தொடங்கியதே ஓதும்படி இட்ட கட்டளையோடுதான். பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளை விடுவிக்க ஈட்டுத்தொகை வாங்கப்பட்டது. வசதி படைத்தவர்களிடம் 4,000 திர்ஹம் வரை வாங்கப்பட்டதாக வரலாற்று நூல்களில் காண்கிறோம். பணமில்லாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதி, மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் அதுவே ஈடாக ஏற்கப்பட்டது. இது ஹிஜ்ரி 2-ம் ஆண்டு, அதாவது கி.பி. 624-ல் நடந்தது. வியாபாரிகளாகிய நாம் இதைக் கணக்குக் கண்ணோடு பார்க்கவேண்டும். கையில் காசு அரிதாயிருந்த ஒரு சமூகம், வரவேண்டிய ரொக்கத்தை விட்டுக்கொடுத்து எழுத்தை வாங்கியது. ஆகவே, 'அ, ஆ' கற்க மாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால் விட்டுவிட முடியாது. உட்காரவைத்துக் கற்பிக்கத்தான் வேண்டும்.

ஆனால் எழுத்துக் கூட்டத் தெரிவது வேறு. புத்தகத்தில் ருசி பிறப்பது வேறு. முதலாவது கடமை. அதைக் கட்டாயப்படுத்தலாம். இரண்டாவது மனத்தின் சாய்வு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வீட்டில் சண்டை வருகிறது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

"தொழுகைக்குக் கண்டிப்புக் காட்டச் சொல்லியிருக்கிறதே, படிப்புக்கு ஏன் கூடாது?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஏழு வயதில் தொழச் சொல்லவேண்டும், பத்து வயதில் கண்டிக்கவேண்டும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நடுவில் மூன்று வருஷம் இருக்கிறதல்லவா? நாளுக்கு ஐந்து வேளை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 வேளைக்கு மேல் வருகிறது. அத்தனை வேளையும் சொல்லிச் சொல்லிப் பழக்குவதுதான் தகப்பன் வேலை. கண்டிப்பு அதற்குப் பிறகு. அதுவும் ஃபர்ளான ஒரு செயலுக்கு. கதைப் புத்தகத்தில் ஆசை வரவில்லை என்பதற்கு நாம் மூன்று வாரம்கூடப் பொறுப்பதில்லை.

ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) காலமான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை விளையாட விடவேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் கல்வியிலேயே நெருக்கினால் அவன் உள்ளம் செத்துப்போகும், புத்தி மழுங்கும், தப்பிப்பதற்குத் தந்திரம் தேடுவான் என்பது அவருடைய கருத்து. 1377-ல் 'முகத்திமா' எழுதிய இப்னு கல்தூனும், கடுமைக்கு ஆளாகும் மாணவன் சோம்பேறியாகிறான், அடிக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் பழகுகிறான் என்று எச்சரிக்கிறார். நம் வீட்டில் மாலை ஏழு மணிக்கு வரும் அந்தத் தலைவலி எப்படிப்பட்டது என்று இப்போது விளங்கும்!

அடி, அதட்டல் பற்றி இது போதும். இக்காலத்தில் நம்மவர்களிடம் அதைவிட அதிகமாகக் காணப்படுவது கூலி முறை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

ஜவுளி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், ஒன்பது வயது மகனிடம் புத்தகம் ஒன்றுக்கு இரண்டு வெள்ளி என்று பேசினார். முதல் மாதத்தில் 23 புத்தகம்; 46 வெள்ளி. நண்பருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் அந்தப் பையன் நூலகத்திலிருந்து கொண்டுவந்தவற்றை நான் பார்த்தேன். அலமாரியிலேயே மெலிந்த புத்தகங்களாகத் தேடி எடுத்திருந்தான். கதை என்னவென்று கேட்டால் பக்கம் எத்தனை என்று சொன்னான். பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனதால் கூலி நின்றது. படிப்பும் அன்றே நின்றது. பையனைக் குறை சொல்ல இடமில்லை. குறைந்த முதலில் அதிக லாபம் பார்த்தான். வியாபாரி மகன்தானே!

கூலி என்பது என்ன? ஒருவன் தானாகச் செய்யமாட்டான் என்று தெரிந்த வேலைக்குத்தான் கூலி பேசுகிறோம். பலகாரம் தின்ன யாரும் கூலி கொடுப்பதில்லை. பந்து விளையாடக் கொடுப்பதில்லை. புத்தகத்துக்கு விலை பேசும்போது, 'மகனே, இது கசப்பான வேலை' என்று தகப்பனே சாட்சி சொல்லிவிடுகிறான். அந்தச் சாட்சியைப் பிள்ளை நம்பிவிடுகிறான். ஆனால் ஹதியா வேறு, கூலி வேறு. பிள்ளை ஒரு புத்தகத்தை ரசித்து முடித்தபின், எதிர்பாராமல் அதே வகையில் இன்னொன்றை வாங்கிக் கொடுப்பது அன்பளிப்பு. அதில் ஒப்பந்தம் இல்லை. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சரி, அடியும் கூடாது, கூலியும் கூடாது என்றால் என்னதான் செய்வது? நம் முன்னோர் எப்படிப் படித்தார்கள் என்று பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. தனியாக மூலையில் உட்கார்ந்து வாய் திறவாமல் வாசிப்பது நம்மவர்களிடம் பிற்காலத்தில்தான் பரவியது. 1572-ல் மதுரையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் 'ஆயிர மசலா' கேள்வியும் பதிலுமாக அமைந்தது. அதுவும், உமறுப் புலவரின் சீறாப்புராணமும், நபிமார்களின் கிஸ்ஸாக்களும் நம் வீடுகளிலே ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டவை. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளை வைத்துக்கொண்டு பெண்கள் கூடி உட்கார்ந்து ஓதினார்கள். எழுத்துத் தெரியாத கிழவிக்கும் கதை தெரியும். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் படுத்திருந்த பிள்ளை, எழுத்துக்கு முன்னே கதையைப் பெற்றது. நாமோ எழுத்தை முதலில் கொடுத்துவிட்டு, கதையை நீயே தேடிக்கொள் என்று பிள்ளையைத் தனியே விட்டுவிடுகிறோம்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைத் தயக்கத்தோடு சொல்கிறேன். ஆலிம்கள் தவறாக நினைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். பொருள் தெரியாமல் குர்ஆன் ஓதினாலும் நன்மை உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் ஓதப்பள்ளியில் உச்சரிப்பு ஒன்றையே பழகிய பிள்ளை, வாசிப்பது என்றாலே வாயால் சப்தம் எழுப்புவது என்று எண்ணிக்கொள்கிறது. தமிழ்ப் பாடத்தையும் அதேபோல் ராகமாக ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுகிறது. 'இதில் என்ன சொல்லியிருக்கிறது?' என்று யாரும் கேட்காததால், அதில் ஏதோ சொல்லியிருக்கிறது என்பதே அதற்குத் தெரிவதில்லை. ஓதவைத்த பிறகு, ஓதிய சிறு சூரா ஒன்றின் வரலாற்றைத் தமிழில் சொன்னால் போதும். யானைப் படையின் கதையைக் கேட்டு வாய் பிளக்காத பிள்ளை உண்டா?

மேலே சொன்ன நண்பர் மகனின் விஷயமும் இப்படித்தான் திரும்பியது. அவனுடைய உம்மம்மா ஊரிலிருந்து இரண்டு மாதம் தங்கிப்போக வந்தார்கள். பார்வை மங்கிவிட்டது. ஆனால் காலையில் பத்திரிகைச் செய்தி தெரியாவிட்டால் அவர்களுக்குப் பொழுது போகாது. மருமகன் கடைக்குப் போய்விடுவார். ஆகவே பேரனைக் கூப்பிட்டு தமிழ் முரசை வாசிக்கச் சொன்னார்கள். ஒருநாள் அவன் 'வாழைத் தோட்டம்' என்பதை 'வாளைத் தோட்டம்' என்று வாசித்தான். "ஏன் வாப்பா, தோட்டத்தில் மீனா வளர்க்கிறார்கள்?" என்று கேட்டு அவர்கள் சிரித்த சிரிப்பில் வீடே சிரித்ததாம். அவனும் சிரித்தான். பரீட்சையில் அதே பிழைக்குச் சிவப்பு மை கிடைத்திருக்கும். அன்றிலிருந்து, வேண்டுமென்றே தப்பாக வாசித்து உம்மம்மாவைச் சோதிப்பது அவனுக்கு ஒரு விளையாட்டாயிற்று. தப்பாக வாசிக்கவேண்டுமானால் சரியானது எது என்று தெரியவேண்டுமல்லவா? காசு ஒன்றும் கைமாறவில்லை. அவன் வாசித்ததற்கு ஒரே காரணம், தன் வாசிப்பு ஒருவருக்குத் தேவைப்பட்டதுதான். உம்மம்மா ஊர் திரும்பிய பிறகும், சில இரவுகளில் தொலைபேசியில் ஏதாவது வாசித்துக் காட்டுகிறானாம். தினமும் அல்ல, பந்தாட்டம் இருக்கும் நாளில் கிடையாது.

இன்னொன்று, எதை வாசிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை. பிள்ளை பந்தாட்டச் செய்தியை எடுத்தால் நாம் முகம் சுளிக்கிறோம். படக்கதையை எடுத்தால் பிடுங்கிவிட்டு நீதிக் கதையைத் திணிக்கிறோம். சரக்கு எடுக்க வரும் வாடிக்கைக்காரரிடம் இப்படி நடந்துகொண்டால் கடை என்னாகும்? ஆபாசமும் பொய்ப் பிரசாரமும் தவிர மற்றதை விட்டுப்பிடிக்கலாம். விக்டோரியா தெருவில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய நூலகத்திலும் வட்டார நூலகங்களிலும் தமிழ்ப் பகுதி இருக்கிறது. பிள்ளையை அங்கே அழைத்துப்போய், அவன் எடுப்பதை எடுக்கவிட்டு, நாமும் நமக்கென்று ஒன்றை எடுக்கவேண்டும்.

நமக்கென்று ஒன்று எடுக்கவேண்டும் என்று சொன்னது வெறும் பேச்சுக்கல்ல. காலை ஏழுக்குக் கடை திறந்து இரவு பத்துக்குச் சாத்தும் நம்மை, பிள்ளை எந்தக் கோலத்தில் பார்க்கிறான்? கையில் தொலைபேசி, அல்லது கணக்கு. புத்தகம் பிடித்த கையை அவன் கண்டதில்லை. வியாபாரிக்கு ஏது நேரம் என்பார்கள். 1887-ல் இதே சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையை மகுதூம் சாயபு தொடங்கினார். அவரும் நம்மவர்தான். அக்காலத்தில் பினாங்கில் குலாம் காதிறு நாவலரும் பத்திரிகை நடத்தினார். ஓய்ந்திருந்த ஊர்களா இவை? கப்பலும் சரக்கும் நிறைந்த துறைமுகங்கள்தானே! இரவு பத்து மணிக்குப் பிள்ளை தூங்கியிருப்பான் என்றால், சுப்ஹுக்குப் பின் கால் மணி நேரம் இருக்கிறது. அதுவும் முடியாதவர் வாரத்தில் ஒருநாள் பிள்ளையைக் கடைக்கு வரச்சொல்லி, கூட்டம் குறைந்த வேளையில் பத்திரிகையை வாசித்துக் காட்டச் சொல்லலாம். கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்கலாம்.

இத்தனையும் செய்தபின்னும் ஒரு பிள்ளைக்குப் புத்தகத்தில் ருசி பிறக்காமலே போகலாம். அதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். அதே நண்பரின் மூத்த மகன் அப்படிப்பட்டவன். பழுதான மின்விசிறியைப் பிரித்துப் போட்டால் நேரம் போவது தெரியாது அவனுக்கு. வாசிக்கத் தெரியும், பாடத்தில் தேறிவிடுகிறான், அதற்கு மேல் புத்தகம் அவனை இழுக்கவில்லை. அவனைத் தம்பியோடு ஒப்பிட்டுப் பேசுவதை நண்பர் சென்ற ரமலானோடு நிறுத்திக்கொண்டார். மின்விசிறியோடு வந்த விளக்கக் குறிப்பை மட்டும் அவன் வரி விடாமல் வாசிக்கிறான் என்று சொன்னார். அதுவும் ஆங்கிலத்தில் இருக்கிறதாம்; அதைத் தனக்குத் தமிழில் சொல்லும்படி அவனிடம் கேட்டிருக்கிறார்.